ஜாமீன் கிடைத்த பிறகும் ஏன் உள்ளே இருக்க வேண்டும்?

போன வாரம் வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் ஓர் அம்மா மஞ்சள் பையை என் கையில் கொடுத்தார். குடியாத்தம் பக்கம், பீடி சுற்றிப் பிழைப்பவர். உள்ளே ஆதார் நகல், வீட்டு வரி ரசீது, மடிப்பில் கிழிந்துபோன ஜாமீன் உத்தரவு. தேதியைப் பார்த்தேன். 41 நாள் ஆகியிருந்தது. மகன் இன்னும் தொரப்பாடி ஜெயிலில்.

“சொத்து இருக்கிற ரெண்டு பேர் கையெழுத்துப் போடணுமாம். நாங்க எங்க சார் போறது?”

இந்த மாதத்தில் இது மூன்றாவது குடும்பம். ஆள் பிடித்துத் தருகிறேன் என்று ஒரு தரகர் எட்டாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறார். கம்மலை அடகு வைத்த பணம்.

ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான் என்று யார் சொன்னது? 1978-லேயே மோத்தி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பேசிவிட்டது. அவர் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார். 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். ஜாமீன் நிற்க வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று ஏற்கவில்லை. நீதிபதி கிருஷ்ணய்யர் அவரை 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணையிலேயே, அதாவது அவரே எழுதித் தரும் உறுதியின் பேரிலேயே, விடச் சொன்னார். உச்ச நீதிமன்றத்தின் 2023 ஜனவரி 31 உத்தரவு இன்னும் தெளிவு: ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர், இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் பிணை தர முடியவில்லையா? நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம். நாம் மனு போட்டும் கேட்கலாம். தொகையைக் குறைக்கச் சொல்லியும் கேட்கலாம். இது சலுகை அல்ல, கெஞ்ச வேண்டாம்.

அப்புறம், இலவச வக்கீல். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே கிடையாது. 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ரேஷன் கார்டு நிறத்தைப் பார்த்துத் தயங்காதீர்கள்.

சிறைத் துறையின் பெயரிலேயே ‘சீர்திருத்தப் பணிகள்’ இருக்கிறது. வேலூர் சிறையில் தண்டனைக் கைதிகள் ஷூ தைக்கக் கற்கிறார்கள், நல்லது. ஆனால் ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருக்கும், இன்னும் தண்டனை பெறாத ரிமாண்ட் பையன் அங்கே என்ன திருந்துவான்? வெளியே இருந்த கூலி வேலையும் போகும்.

தரகரிடம் போகாதீர்கள். போலி ஜாமீன்தாரரை நிறுத்தினால் புது வழக்கு உங்கள் மேல் வரும். இலவசச் சட்ட உதவி எண் 15100-க்குப் போன் செய்யுங்கள். உத்தரவு நகலோடு சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அதே வாரம் போங்கள். ஜெயிலுக்கு மனு பார்க்க, அதாவது உள்ளே இருப்பவரைச் சந்திக்க, போகும்போது உத்தரவின் தேதியைப் பையனிடமும் சொல்லுங்கள். தயவுசெய்து, 41-வது நாள் வரை காத்திருக்காதீர்கள்.