சர்க்யூட் பலகைத் தங்கத்தை வீட்டிலேயே பிரிக்கலாமா? விதி சொல்வதும் அரசு தர வேண்டியதும்

பழைய கணினியின் மெமரி பலகையிலும் செல்போனின் உட்பலகையிலும் மஞ்சளாக மின்னும் முனைகளில் இருப்பது பெரும்பாலும் உண்மைத் தங்க முலாம்தான். காணொளிகளைப் பார்த்துவிட்டு, திராவகம் வாங்கிக் கொல்லைப்புறத்தில் அதைப் பிரிக்க முயலும் இளைஞர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது குற்றமா?" என்பதுதான்.

தங்கம் வைத்திருப்பது குற்றமில்லை. உங்கள் வீட்டுப் பழைய பொருளைத் திருகாணி கழற்றிப் பிரித்துப் பார்ப்பதும் குற்றமில்லை. பலகையைத் திராவகத்தில் போட்டுக் கரைத்து, மிஞ்சியதைக் கொட்டும்போதுதான் பல சட்டங்கள் ஒன்றாகக் குறுக்கே வருகின்றன.

முதலாவது, மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த விதிகள் 106 வகை மின், மின்னணுப் பொருள்களுக்குப் பொருந்தும். உற்பத்தி செய்பவர், பொருளைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனம், பழுது நீக்கிப் புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர் ஆகியோர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்யாமல் தொழில் நடத்தக் கூடாது. பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனம் மீட்டெடுக்கும் உலோகங்களில் தங்கம், தாமிரம், அலுமினியம், இரும்பு ஆகியவற்றுக்குச் சான்றிதழ் கிடைக்கும். பொருளை விற்ற நிறுவனங்கள் தங்கள் மறுசுழற்சி இலக்கை நிறைவு செய்ய அந்தச் சான்றிதழை விலைக்கு வாங்கியாக வேண்டும். கொல்லையில் பிரித்த தங்கத்துக்கு இந்த வருமானம் கிடையாது.

சட்டம் தெரிந்தவர்கள் இங்கே ஒரு வரியைக் காட்டுவார்கள். குறு நிறுவனங்களுக்கு இந்த விதிகள் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. உண்மைதான். ஆனால் இந்த விலக்கு இந்த விதிகளிலிருந்து மட்டும்தான். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம், 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் ஆகியவை அப்படியே நிற்கின்றன. கழிவுநீரை வெளியேற்றும் தொழிலுக்குத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். மின்னணுக் கழிவு விதிகள் பொருந்துபவர் அவற்றை மீறினால், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

நம் காவிரி டெல்டாக்காரர்கள் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டியது நீர்ச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு. நச்சுப்பொருள் எதையும் தெரிந்தே நீரோட்டத்திலோ கிணற்றிலோ சாக்கடையிலோ நிலத்திலோ சேரவிடக் கூடாது என்று அது தடுக்கிறது. இது ஆலைகளுக்கு மட்டுமல்ல, தனிமனிதருக்கும் பொருந்தும். அந்தச் சட்டத்தில் நீரோட்டம் என்பதற்குள் ஆறு, நிலத்தடி நீர், "ஓடினாலும் தற்போதைக்கு வறண்டிருந்தாலும்" நீர்வழி எதுவும் அடக்கம். ஜூன் 12 மேட்டூர் அணைத் திறப்புக்குக் காத்து மே மாதத்தில் வெடித்துக் கிடக்கிறதே உங்கள் ஊர் வாய்க்கால், அதுவும் சட்டத்தின் கண்ணில் நீரோட்டம்தான். இப்போது தண்ணீர் இல்லையே என்று அதில் ஊற்றுவது, முதல் தண்ணீரோடு நாற்றங்காலுக்கு அனுப்பி வைப்பதுதான். தாமிர உருக்காலையை டெல்டாவுக்குள் புதிதாக வரவிடாத 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை வரவேற்றவர்கள் நாம். தாமிரம் கரைந்த திராவகத்தை நாமே வாய்க்காலில் விடலாமா?

திராவகம் வாங்குவதற்கும் கட்டுப்பாடு உண்டு. 2013-இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணைப்படி, கடைக்காரர் பதிவேடு வைக்க வேண்டும். வாங்குபவர் முகவரியுள்ள அரசு அடையாள அட்டையைக் காட்டி, என்ன காரணத்துக்காக வாங்குகிறார் என்று சொல்ல வேண்டும். 18 வயதுக்குட்பட்டவருக்கு விற்கவே கூடாது.

இவ்வளவு ஆபத்தை மேலே போட்டுக்கொண்டால் என்ன கிடைக்கும்? முலாம் அரை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) தடிமன் என்று கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டரில் இருக்கும் தங்கம் ஒரு மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு. ஒரு கிராம் சேர ஆயிரம் சதுர சென்டிமீட்டருக்கு மேல் முலாம் பூசிய பரப்பு வேண்டும். பல பலகைகளில் முலாம் இதைவிடவும் மெல்லியது. தங்கத்துக்கு அடியில் நிக்கலும் தாமிரமும், பற்றவைப்பில் ஈயமும் இருக்கும். இவை தங்கத்தைவிடப் பல மடங்கு எடையில் திராவகத்தில் கரைந்துவிடும். கையில் வருவது பொட்டுத் தங்கம். மிஞ்சுவது குடம் நிறைய நஞ்சு. பட்டறையில் திராவகத்தோடு பழகிய நகைப் பத்தருக்குக்கூட இந்தக் கலவை புதிது.

நைட்ரிக் அமிலத்தில் உலோகம் கரையும்போது எழும் பழுப்புப் புகையைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். அது நைட்ரஜன் டை ஆக்சைடு. மூச்சில் போனால் முதலில் லேசான இருமலோடு அடங்கிவிட்டதுபோல் தோன்றும். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து உயிரே போகலாம். அந்தப் புகையைச் சுவாசித்தவரை, நன்றாகத்தான் இருக்கிறார் என்று வீட்டில் படுக்க வைக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இனி, யாரும் கேட்டு வாங்காத உரிமைக்கு வருகிறேன். இதே 2022 விதிகள் மாநில அரசுக்கும் கடமைகளை வைத்திருக்கின்றன. மின்னணுக் கழிவைப் பிரிப்பதற்கும் மறுசுழற்சி செய்வதற்கும் தொழிற்பேட்டைகளில் இடமோ கொட்டகையோ ஒதுக்க வேண்டும். இந்த வேலையில் இருக்கும் தொழிலாளர்களை அங்கீகரித்துப் பதிவு செய்ய வேண்டும். அவர்கள் குழுவாகச் சேர்ந்து பிரிப்புக் கூடம் அமைக்க உதவ வேண்டும். திறன் பயிற்சி தர வேண்டும். அவர்களுடைய பாதுகாப்பையும் உடல்நலத்தையும் ஆண்டுதோறும் கண்காணிக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் கையுறைகூட இல்லாமல் பலகை உடைக்கும் பிள்ளைக்குச் சேர வேண்டியவை இவை. திருகாணி கழற்றி வகை பிரிப்பது கைத்திறன் வேலை. அதற்குத் திராவகம் தேவையில்லை. கரைப்பதைப் பதிவு பெற்ற ஆலைக்கு விட்டுவிட்டு, பிரிப்பதை டெல்டா இளைஞர்கள் முறைப்படி செய்யலாம் என்பதே என் உறுதியான கருத்து.

வீட்டுக்காரர்கள் எந்தப் படிவமும் நிரப்ப வேண்டியதில்லை. பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களின் பட்டியல் மத்திய வாரியத்தின் இணையதளத்தில் இருக்கிறது. பொருளை அவர்களிடம் சேர்த்தால் போதும். குப்பையோடு கலந்துவிட்ட மின்னணுக் கழிவைப் பிரித்து அவர்களிடம் சேர்ப்பது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. ஓராண்டில் எப்போதேனும் 1,000 கருவிகளுக்குக் குறையாமல் பயன்படுத்தும் கல்லூரி, மருத்துவமனை போன்றவை பதிவு பெற்றவர்களிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். யுபிஎஸ் மின்கலம் போன்றவற்றுக்குத் தனி விதிகள் உண்டு.

ஏற்கெனவே திராவகக் கழிவு வைத்திருப்பவர்கள் அதை எங்கும் ஊற்றாமல், வேறு எதனுடனும் கலக்காமல், பிள்ளைகளின் கைக்கு எட்டாத காற்றோட்டமான இடத்தில் வைத்துவிட்டு, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் வழி கேளுங்கள். குழுவாகக் கொட்டகையும் பயிற்சியும் கேட்பவர்கள், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் இந்த விதிகளின் பெயரைக் குறிப்பிட்டு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால், உங்கள் மாவட்டத்தில் இதற்காக இதுவரை எவ்வளவு இடம் ஒதுக்கப்பட்டது, எத்தனை தொழிலாளர் பதிவு செய்யப்பட்டனர் என்ற இரண்டு கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.