கொட் பம்பர் என்பதற்குத் தமிழ் என்ன? சுற்றுத்திண்டு: சொல் விளக்கம்

குழந்தைக் கட்டிலின் உட்பக்கத்தைச் சுற்றிவர, சட்டங்களில் நாடாவால் கட்டுகிற பஞ்சு வைத்த துணிப்பட்டைதான் கொட் பம்பர். இணையக் கடைகளில் கிரிப் பம்பர் என்று போட்டிருப்பதும் இதுவே. கொட் பிரித்தானிய வழக்கு, கிரிப் அமெரிக்க வழக்கு. நாம் பிரித்தானியரிடம் ஆங்கிலம் படித்தவர்கள் என்பதால் திருகோணமலைக் கடைகளில் பேபி கொட் என்றால்தான் விளங்கும். 60க்கு 120 சென்ரிமீற்றர் கட்டிலைச் சுற்றிக் கட்ட 3.6 மீற்றர் நீளப் பட்டை வேண்டும். உறைக்குள்ளே பொலியெஸ்ரர் பஞ்சு அல்லது ஸ்பொன்ஜ் இருக்கும். சடைபோல மூன்று புரியாகப் பின்னிய வகையும் உண்டு; பஞ்சே இல்லாத வலைத்துணி வகையும் உண்டு. பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு வருகிறவர்கள் தலைகணி, அணைகணி, நுளம்பு வலையோடு ஒரே பொதியாகக் கொண்டுவந்து தருவதும் இதைத்தான்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு விடை ஒரு சொல்லில் முடியும்: வேண்டாம். ஏன் என்பதைச் சொற்களின் வழியே பார்ப்பது நல்லது, ஏனென்றால் குழப்பத்தில் பாதி பெயரிலேயே இருக்கிறது.

முதலில் கொட். 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயர் இந்தியின் காட் என்ற சொல்லிலிருந்து இதை எடுத்தார்கள். அதன் மூலம் சமஸ்கிருத கட்வா. அந்தச் சமஸ்கிருதச் சொல்லே திராவிட மூலத்திலிருந்து போயிருக்கலாம் என்று சொற்பிறப்பு அகராதிகள் நம் கட்டிலைக் காட்டுகின்றன. அப்படியானால் பேபி கொட் என்று விலைச்சீட்டில் இருப்பது கப்பலேறிப் போய்த் திரும்பி வந்த நம்முடைய கட்டில். கிரிப்பின் கதை வேறு. பழைய ஆங்கிலத்தில் அது மாட்டுக்குத் தீவனம் போடும் தொட்டி. அடைப்புப் போட்ட குழந்தைப் படுக்கை என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டில்தான் சேர்ந்தது. தமிழ் வேதாகமம் அந்தத் தீவனத் தொட்டியை முன்னணை என்கிறது. அந்தச் சொல்லின் கடைசியில் நிற்கும் அணையைக் கவனியுங்கள், கீழே வேலை இருக்கிறது.

பம்பருக்கு இரண்டு முகம். 17ஆம் நூற்றாண்டில் அது விளிம்புவரை நிரப்பிய மதுக்கிண்ணம். நிறைவு என்ற அந்தப் பொருளில் இருந்துதான் அமோக விளைச்சலும் லொத்தர்ச்சீட்டின் பம்பர் பரிசும் வந்தன. மற்ற முகம் மோது, முட்டு என்ற பொருளுள்ள பம்ப் என்னும் ஒலிக்குறிப்புச் சொல்லின் பிள்ளை. ரயில் பெட்டிகள் ஒன்றோடொன்று இடிக்கும் இடத்தில் வைத்த தாங்கிக்கு அமெரிக்காவில் இந்தப் பெயர் வழங்கியது. பின்பு மோட்டார் காருக்கும், அதற்கும் பின்பு குழந்தைக் கட்டிலுக்கும் வந்தது.

கட்டிலுக்கு வரும்போது பெயரோடு ஒரு வாக்குறுதியும் ஒட்டிக்கொண்டது: இது இடியைத் தாங்கும். காருக்கு அது பொருந்தும். இறங்குதுறையில் படகின் விலாவில் பழைய டயர் தொங்கவிடுவதும் அதற்குத்தான். தொன் கணக்கான பாரம் கொங்கிறீற்றில் மோதுகிறது. ஐந்தாறு கிலோ எடையுள்ள பிள்ளை தானாகப் புரளும் வேகத்தில் சட்டத்தில் தலை தட்டினால் வருவது ஒரு சிணுங்கல், மிஞ்சினால் சிறு தடிப்பு. தாங்கி கேட்கும் அளவுக்கு அங்கே இடியே இல்லை.

அப்படியானால் இது எதற்காக வந்தது? பழைய கட்டில்களில் சட்டங்களுக்கிடையே இடைவெளி அகலம். பிள்ளையின் உடல் கால்பக்கமாக நழுவி வெளியே போகும், தலை மட்டும் போகாது, கழுத்து மாட்டிக்கொள்ளும். அந்த இடைவெளியை மறைக்கத்தான் பட்டை. அமெரிக்காவில் 1973இல் வந்த விதி சட்ட இடைவெளி 6 சென்ரிமீற்றரை மீறக்கூடாது என்றது. ஐரோப்பிய நியமம் 4.5 முதல் 6.5 சென்ரிமீற்றர். விதிப்படி செய்த கட்டிலில் உடல் நழுவ வழியில்லை. தேவை போய் ஐம்பது ஆண்டாகியும் பொருள் மட்டும் அலங்காரமாக நின்றுவிட்டது.

நின்றது சும்மா நிற்கவில்லை. 2007இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ இதழொன்றில் வந்த ஆய்வு 1985 முதல் 2005 வரை இந்தப் பட்டையோடு தொடர்புடைய 27 குழந்தைச் சாவுகளைப் பட்டியலிட்டது. 2016இல் வந்த அடுத்த ஆய்வில் கணக்கு 2012 வரை 48. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2011இலேயே வேண்டாம் என்றது. சிக்காகோ நகரம் அதே ஆண்டும் மேரிலண்ட் மாநிலம் 2013இலும் விற்பனையைத் தடுத்தன. 2022 மே மாதம் கையெழுத்தான சட்டம் அந்நாடு முழுவதும் பஞ்சு வைத்த பம்பரைத் தடைசெய்தது. அவ்வாண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. வலைத்துணி வகை அந்தத் தடைக்குள் வராது. ஆனால் மருத்துவர் கழகத்தின் 2022 பரிந்துரை கட்டில் சட்டங்களில் கட்டும் எதையுமே ஏற்கவில்லை, வலையையும் சேர்த்துத்தான்.

சாவு எப்படி நேர்கிறது? மூன்று வழி. மூக்கும் வாயும் பஞ்சில் புதைவது முதலாவது. நான்கு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தலையைத் திருப்பி விலக்கிக்கொள்ளும் பலம் போதாது. முழுதாக அடைபடவும் வேண்டியதில்லை. விட்ட மூச்சு பஞ்சில் தங்கி நின்றால் அதையே திரும்ப இழுக்கிறது. வெளிக்காற்றில் காபனீரொட்சைட்டு 0.04 சதவீதம், விட்ட மூச்சில் ஏறத்தாழ 4 சதவீதம், அதாவது நூறு மடங்கு. ஒட்சிசனோ 21இலிருந்து 16க்கு இறங்கியிருக்கும். சத்தமில்லாமல் நடக்கிற காரியம் இது, பக்கத்தில் படுத்திருக்கும் தாய்க்கும் தெரியாது. இரண்டாவது, மெத்தைக்கும் பட்டைக்கும் நடுவில் முகம் செருகிக்கொள்வது. நாடா தளர்ந்த பட்டையில் இது எளிது. துவைக்கத் துவைக்க நாடா தளரத்தான் செய்யும். மூன்றாவது, நாடா கழுத்தில் சுற்றுவது. அமெரிக்க நியமம் நாடாவின் நீளத்தை ஒரு சாணுக்குள், கிட்டத்தட்ட 23 சென்ரிமீற்றருக்குள், அடக்கியது இதனால்தான். பிடித்து எழுந்து நிற்கிற வயதில் பட்டையை மிதித்து ஏறிக் கீழே விழுவதும் உண்டு. அது சாவு வரிசையில் வராவிட்டாலும் தலைக் காயத்தில் வரும்.

நம் ஊருக்கென்று ஒன்று கூடுகிறது. கச்சான் என்னும் வெக்கைக் காற்று வீசுகிற மாதங்களில் இரவிலும் வீட்டுக்குள் புழுங்கும். சட்டங்களுக்கிடையே வந்துபோக வேண்டிய மின்விசிறிக் காற்றைப் பட்டை நாலு புறமும் மறிக்கிறது. உடல் மிகையாகச் சூடேறுவது சடுதிச் சிசு மரணத்துக்கான (காரணம் தெரியாமல் தூக்கத்தில் நேரும் சாவு) ஆபத்துக் காரணிகளில் ஒன்று.

இனித் தமிழ்ச் சொல். வண்டிப் பம்பருக்கு முட்டுத்தாங்கி, மோதுதாங்கி என்ற ஆக்கங்கள் உண்டு, நல்ல சொற்கள். அவற்றைக் கட்டிலுக்குக் கொண்டுவந்து தொட்டில் முட்டுத்தாங்கி என்றால் ஆங்கிலத்தின் பொய் வாக்குறுதி தமிழிலும் குடியேறும். இடிதாங்கி என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது கோயில் கோபுரத்து உச்சியில் இருக்கும் மின்னல் கம்பி, அங்கேயே இருக்கட்டும். சில விளம்பரங்களில் வரும் பாதுகாப்பு அரண் கேட்கவே வேண்டாம்.

சுற்றணை என்பது அழகான ஆக்கம். தலையணை, முன்னணை என்று அணை வருகிற வரிசையில் இயல்பாக உட்காரும். அதன் அழகே இங்கே குறை. அணைத்துக்கொள்வது, வெள்ளத்தை மறிக்கும் அணை என்று நினைவுகள் எல்லாம் காப்பின் பக்கமே இழுக்கின்றன. (விளக்கை அணைப்பதும் அதே எழுத்துத்தான் என்பது வேறு கதை.) ஆகவே எங்கள் தெரிவு சுற்றுத்திண்டு. திண்டு என்றால் சாய்ந்துகொள்ளும் பருத்த தலைகணி என்று எல்லோருக்கும் தெரியும். பிறந்த பிள்ளையின் முகத்தைச் சுற்றி நாலு திண்டு வைப்பீர்களா என்று கேட்டால் அப்பம்மாவும் வேண்டாம் என்பார். பம்பர் போடலாமா என்று கேட்டால்தான் யோசிப்பார். பஞ்சில்லாத வகையைத் திண்டு என்பது பிழை, அதை வலைச்சுற்று எனலாம்.

கட்டில், தொட்டில், ஏணை மூன்றையும் கலக்க வேண்டாம். காலூன்றி நிற்பது கட்டில், ஆடுவது தொட்டில், சேலையில் கட்டுவது ஏணை. ஏணையில் சுற்றுத்திண்டு இல்லை, ஆனால் ஏணை முழுவதுமே துணிச்சுவர். உள்ளே முதுகு வளையும், நாடி நெஞ்சில் முட்டும், மூச்சுக்குழாய் மடியும். சேலை ஒட்டாமல் விரித்துப் பிடிக்கக் குறுக்கே தடி வைத்தாலும் அந்த வளைவு மாறாது. பக்கத்தில் ஆள் விழித்திருக்கும் பகல் தாலாட்டுக்கு மேல் அதை நீட்ட வேண்டாம். தூங்கியதும் தூக்கிச் சமதளத்தில் மல்லாக்கக் கிடத்துவதே சரி.

கட்டிலைத் தச்சரிடம் சொல்லிச் செய்விக்கிறவர்கள் இங்கே அதிகம், அதனால் அளவுகள் கையில் இருக்கட்டும். சட்டங்கள் நெடுக்காக மட்டும். குறுக்குச் சட்டம் ஏணிப்படி ஆகிவிடும். இடைவெளி 4.5க்கும் 6க்கும் இடையில். 330 மில்லிலீற்றர் குளிர்பானப் பேணியின் (ஒல்லியான வகை அல்ல) விட்டம் 6.6 சென்ரிமீற்றர்; அது உள்ளே போகிறதென்றால் கட்டில் தள்ளுபடி. அப்படிப்பட்ட பழைய கட்டில் வீட்டில் இருந்தால் திண்டு கட்டி மறைக்காமல், நடுவில் ஒவ்வொரு சட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் போகக்கூடாது. தளத்தைக் கடைசிப் படிக்கு இறக்கியபின் மெத்தையிலிருந்து மேற்கட்டைவரை 50 சென்ரிமீற்றராவது வேண்டும், பிள்ளை உட்காரத் தொடங்கும்போதே இறக்கிவிட வேண்டும். முன்பக்கம் கீழே இறங்கும் கதவு வைக்கச் சொல்லாதீர்கள். கொளுவி கழன்று இடையில் பிள்ளை செருகிக்கொண்டதால் அமெரிக்கா 2011இல் அந்த வகையையும் தடுத்தது. மெத்தை இறுக்கமாக இருக்க வேண்டும். உள்ளங்கையால் அமுக்கி எடுத்தால் தடம் நிற்கக்கூடாது. இலவம்பஞ்சு மெத்தை சில மாதத்தில் நடுவில் குழி விழும், அது பெரியவர்களுக்கே இருக்கட்டும். மேலே இறுக்கமாக இழுத்துவிட்ட விரிப்பு ஒன்று மட்டும். தலை உருண்டையாக வரட்டும் என்று வைக்கும் சிறு தலைகணி, அணைகணி, பொம்மை எதுவும் ஒரு வயது வரை உள்ளே இல்லை.

சட்டத்துக்கு வெளியே கால் வருகிறதே என்பதுதான் அடிக்கடி கேட்கும் கவலை. 6 சென்ரிமீற்றர் இடைவெளியில் வந்த கால் பெரும்பாலும் வந்த வழியே திரும்பும். திரும்பாவிட்டால் அழும், அழுகிற பிள்ளை மூச்சு விடுகிற பிள்ளை. முழங்காலை மெல்ல மடக்கி உள்ளே தள்ளினால் போதும்.

நுளம்பு வலை இல்லாமல் டெங்குக் காலத்தில் முடியாது. அதைச் சட்டங்களுக்கு வெளிப்புறமாக, தொய்யாமல் இழுத்துக் கட்டலாம். கவனிக்க வேண்டியது சிப் (zip) வைத்த வலைக்கூடாரப் படுக்கை. அதன் அடிமெத்தை மெதுமெதுப்பு, சுற்று விளிம்பில் பஞ்சு. வலை என்று வாங்குகிற பொதிக்குள் சுற்றுத்திண்டு ஒளிந்து வருகிறது.

வழக்கில் இப்படி வரும்: "மாமி, சுற்றுத்திண்டு மட்டும் வேண்டாம், அந்தக் காசுக்கு இலாஸ்ரிக் வைத்த விரிப்பு இரண்டு எடுத்துத் தாங்க." ஏற்கெனவே வந்துவிட்டதென்றால் நாடாக்களை வெட்டி எறிந்துவிட்டு, விழித்திருக்கும் பிள்ளை பாயில் விளையாடும்போது சுவரோரம் போடலாம். இன்னொரு வீட்டுக் கட்டிலுக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

எழுத்துக் குறிப்பு: சுற்று என்பது வன்றொடர்க் குற்றியலுகரம், ஆகவே வல்லினம் மிகும். சுற்றுத்திண்டு என்று சேர்த்தே எழுதுக. சுற்று திண்டு என்பது பிழை.