இரும்பு ஆணி இல்லாத வீட்டை இறுக்கிப் பிடிப்பது எது?

ஜெர்மனியில் படிக்கும் மகளைப் பார்த்துவிட்டு வந்த வாசகர் ஒருவர், படத்தோடு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். ஹில்டஸ்ஹைம் நகரின் பழைய சந்தைச் சதுக்கம். அதில் ஒரு பெரிய மர வீடு, மாடிக்கு மாடி முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது. "இரும்பு ஆணி இல்லாமல் கட்டியது என்றார்கள். எப்படி நிற்கிறது?"

அது கசாப்புக்காரர் சங்கத்தின் மாளிகை. 1529இல் கட்டினார்கள். 1945 மார்ச் 22 அன்று நடந்த குண்டுவீச்சில் நகரமே பற்றி எரிந்தது. இந்த மாளிகையும் போயிற்று. அறுபதுகளில் அந்த இடத்தில் நவீன ஹோட்டல் ஒன்று எழுந்தது. பிறகு அதை இடித்துவிட்டு, 1987 முதல் 1989 வரை பழைய முறையிலேயே ஓக் மரத்தில் மாளிகையைத் திரும்பக் கட்டினார்கள். ஆக, வாசகர் பார்த்த கட்டடத்துக்கு ஏறக்குறைய நாற்பது வயதுதான். அதனால் எனக்கு மதிப்பு குறையவில்லை. ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய தச்சு முறை இன்றைக்கும் வேலை செய்யும் என்று காட்டிவிட்டார்களே!

முன்னால் தள்ளி நிற்கும் மாடிகளை முதலில் முடித்துவிடுவோம். தரையைத் தாங்கும் உத்தரத்தின் முனை சுவருக்கு வெளியே நீண்டிருக்கிறது. மேல்மாடிச் சுவரின் பாரம் அந்த முனையில் உட்காருகிறது. முனை கீழே அழுந்த, உத்தரத்தின் நடுப்பகுதி மேலே எழப் பார்க்கும். அதனால் அறையின் நடுவில் தரை தொய்வது குறைகிறது. பள்ளியில் படித்த நெம்புகோல்தான். கூடவே, மழைநீரும் கீழ்ச் சுவரில் வழியாமல் தள்ளி விழும்.

சரி, மரங்களைப் பிணைப்பது எது? இதைச் சொல்லத்தான் காத்திருந்தேன்.

ஒரு மரத்தின் முனையை நாக்கு போலச் செதுக்குவார்கள். இன்னொரு மரத்தில் அந்த நாக்கு நுழையும் அளவுக்குக் குழி. இரண்டையும் சேர்த்துக் குறுக்கே துளை போட்டு, ஆணி போன்ற மர முளை ஒன்றை அடித்து இறக்க வேண்டும். இங்கேதான் சூட்சுமம். இரண்டு துளைகளும் நேருக்கு நேர் இருக்காது. நாக்கில் போடும் துளையை, வேண்டுமென்றே இரண்டு மூன்று மில்லிமீட்டர் அதன் அடிப்பக்கமாகத் தள்ளிப் போடுவார்கள். கூரான முளையை அடிக்க அடிக்க, அது வளைந்து நெளிந்து அந்த இடறலைத் தாண்டியாக வேண்டும். அப்படித் தாண்டும்போது நாக்கை இன்னும் ஆழமாகக் குழிக்குள் இழுத்துவிடுகிறது. பிறகும் வளைந்தபடியே உள்ளே கிடந்து, வில் போல இழுத்துக்கொண்டே இருக்கிறது.

அப்புறம் மரமே அந்தப் பிடியை இறுக்குகிறது. உத்தரமும் தூணும் பச்சை மரம். முளை மட்டும் நன்றாகக் காய்ந்தது. மரம் என்பது நெடுக்காக அடுக்கிய மெல்லிய குழாய்கள். குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் வற்றினால் மரம் சுருங்காது. குழாயின் சுவரில் ஊறிய ஈரம் கிளம்பும்போதுதான் சுவர் மெலிந்து, குழாய்கள் பக்கவாட்டில் நெருங்குகின்றன. பச்சை ஓக் முழுக்கக் காய்ந்தால் வளையத்தின் திசையில் சுமார் 8 சதவீதம் சுருங்கும். நடுவிலிருந்து பட்டை நோக்கிய திசையில் ஏறக்குறைய அதில் பாதி. நீளவாக்கில் அரை சதவீதம்கூட இல்லை. எனவே வட்டமாகப் போட்ட துளை, வருடங்கள் போகப்போக நீள்வட்டமாகி முளையை நெரிக்கிறது. ஏற்கெனவே காய்ந்த முளையோ சுருங்குவதில்லை. பச்சை மரத்தின் ஈரத்தைக் குடித்துக் கொஞ்சம் உப்பவும் செய்யும். அந்த முளையை ரம்பத்தால் அறுக்காமல், கோடாலியால் பிளந்துதான் எடுப்பார்கள். நார் முனையிலிருந்து முனைவரை அறுபடாமல் ஓடினால்தான் வளைந்தாலும் முறியாது.

இரும்பு ஆணி ஏன் ஒத்துவராது? ஓக் மரத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய இருக்கிறது. ஈர ஓக்கில் இரும்பு பட்டால் கறுத்து அரிக்கும். ஐரோப்பாவின் பழைய கையெழுத்துப் பிரதிகளின் கருப்பு மையும் இதே வேதிவினையில் பிறந்ததுதான்.

பச்சை மரத்தில்தான் கட்டினார்கள் என்பதற்கு மர வளையங்களே சாட்சி. பல வீடுகளில், மரம் வெட்டிய ஆண்டும் முகப்பில் செதுக்கிய ஆண்டும் ஒட்டியே வருகின்றன. வளையம் எண்ணுவதற்கா பணம் என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஜெர்மனியின் ஹோஹன்ஹைம் பல்கலைக்கழகத்தில் பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் நீளும் வளைய வரிசையைப் பொறுமையாகக் கோத்தார்கள். கார்பன் அளவை ஆண்டாக மாற்ற உலகமே பயன்படுத்தும் காலக்கணிப்பு அட்டவணைக்கு அது ஓர் அடித்தளம். கீழடிக் கரித்துண்டுக்கு ஆண்டு சொல்லும்போதும் இத்தகைய அட்டவணைதான் கைகொடுக்கிறது. உடனடிப் பலன் கேட்காமல் இப்படிப்பட்ட வேலைக்கு நிதி கொடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வாசகர் அடுத்த முறை போனால், சதுக்கத்து மர வீடு ஒன்றின் தூணருகே நின்று முளைகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கட்டும். சிலவற்றைத் தச்சரே நீட்டி விட்டிருப்பார். ஆனால் மட்டமாக அறுத்துவிட்ட முளையும் நாளடைவில் கொஞ்சம் துருத்திக்கொண்டு வரும். காய்ந்த தூணின் தடிமன் குறைந்திருக்கிறது, முளையின் நீளம் குறையவில்லை.