பகா எண்

பகா எண்: ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடும், 1-ஐவிடப் பெரிய முழு எண். 2, 3, 5, 7, 11, 13 என்று போகும். மற்றவை பகு எண்கள். 1 இரண்டிலும் சேராது.

'பகு' என்றால் பிரி, பங்கிடு. பகுதி, பகுப்பு எல்லாம் இந்த வேரில் வந்தவை. 'பகாத' என்பதன் கடைசி எழுத்து கெட்டுப் 'பகா' என நின்றது. வாடா மலர், பொய்யா மொழி போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். கணக்குப் பாடத்துக்கென்று புதிதாகக் கட்டிய அமைப்பு அல்ல இது. நன்னூல் சொற்களையே பகுபதம், பகாப்பதம் என்று வகுக்கிறது. 'உண்டான்' என்பதை உண் + ட் + ஆன் எனப் பிரிக்கலாம். 'மண்' என்பதைப் பிரித்தால் பொருளே போய்விடும்.

ஆங்கிலத்தின் 'பிரைம்', 'முதலாவது' என்று பொருள்படும் இலத்தீன் 'பிரைமஸ்' வழி வந்தது. யூக்ளிட் எழுதிய கிரேக்கச் சொல்லுக்கும் அதே பொருள்தான். இலங்கைப் பாடநூல்கள் அதை ஒட்டி 'முதன்மை எண்' என்கின்றன. அதில் பிழையில்லை. ஆனாலும் என் மனம் 'பகா எண்' பக்கமே சாய்கிறது. அந்த எண்ணின் குணத்தைப் பெயரே சொல்லிவிடுகிறதே!

ஒரு பெரிய எண்ணைப் பகுத்துப் பார்ப்போம். தருமபுரித் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 636701. பார்த்தால் பகா எண் போலத்தான் இருக்கும்: ஒற்றைப்படை, 5-இல் முடியவில்லை, இலக்கங்களின் கூட்டுத்தொகை 23 என்பதால் 3-ஆலும் வகுபடாது. இப்போது பின்பாதி 701-இலிருந்து முன்பாதி 636-ஐக் கழியுங்கள், 65. ஏழு, பதினொன்று, பதின்மூன்று மூன்றையும் பெருக்கினால் 1001 வரும்; நம் எண்ணோ 636 × 1001 + 65. அதனால் அவற்றில் எது 65-ஐ வகுக்கிறதோ அது முழு எண்ணையும் வகுக்கும். 13 வகுக்கிறது. ஈவு 48977. அதை 17-ஆல் வகுத்தால் 2881.

இந்த 2881 கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதற்கும் ஒரு வழி உண்டு. 55-இன் வர்க்கம் 3025. அதில் 2881 போக மிஞ்சுவது 144, அதாவது 12-இன் வர்க்கம். எனவே 2881 = (55 − 12) × (55 + 12) = 43 × 67.

ஆக, 636701 = 13 × 17 × 43 × 67. யார், எந்த வழியில் பிரித்தாலும் இதே நான்கு பகாக் காரணிகள்தான் வரும். 1-ஐப் பகா எண்ணில் சேர்க்காததற்குக் காரணமும் இதுவே: சேர்த்தால் எத்தனை 1 வேண்டுமானாலும் நுழைத்து, ஒரே எண்ணை எண்ணற்ற விதமாக எழுதலாம்.

2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தலைநகருக்கு 635001. இது 3 × 17 × 12451. இரு ஊர்களின் பின்கோடுகளுக்கும் மீப்பெரு பொதுக் காரணி 17. கடைசியில் நிற்கும் 12451-ஐ 109 வரையுள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பாருங்கள்; ஒன்றுகூட மீதியில்லாமல் வகுக்காது. அதன் வர்க்கமூலம் 112-க்குள் அடங்குவதால் அதற்கு மேல் தேட வேண்டியதில்லை, 12451 பகா எண்ணே.