ஹைப்: தமிழில் என்ன சொல்லலாம்?

தகுதிக்கு மீறி ஒன்றுக்குக் கிளப்பிவிடப்படும் ஆரவாரம்தான் ஹைப். ‘கிளப்பிவிடப்படும்’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். தானாக எழுந்தால் அது ஹைப் ஆகாது. பிரிட்டன் அரசியல்வாதி எட் பால்ஸ் 2011 ஏப்ரல் 28 அன்று எதையோ தேடப்போய், தன் பெயரையே ட்வீட்டாகப் போட்டுவிட்டார். ஆண்டுதோறும் அந்த நாளை மக்கள் கொண்டாடுகிறார்கள். அது தானாக எழுந்த வெறும் கேலி, ஹைப் அல்ல.

சொல்லின் பூர்வீகம் அவ்வளவு கௌரவமானதல்ல. அமெரிக்கக் கொச்சை வழக்கில், 1920களில், மீதிச் சில்லறையைக் குறைத்துக் கொடுத்து ஏமாற்றுவதற்கு ஹைப் என்று பெயர். ஊசியில் போதை ஏற்றிக்கொள்பவரையும் அப்படியே அழைத்தார்கள். அது தோலடி ஊசியைக் குறிக்கும் ஹைப்போடெர்மிக் என்பதன் சுருக்கம். விளம்பர ஆரவாரம் என்ற பொருள் 1960களில்தான் பரவியது. உயர்வு நவிற்சியைக் குறிக்கும் ஹைப்பர்போலியிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எனக்கென்னவோ சில்லறைக் கதைதான் பிடித்திருக்கிறது. தலைப்பு பெரிய நோட்டு, உள்ளே போனால் மீதி குறைகிறது.

2017 மே 31, நள்ளிரவு தாண்டிய நேரம். அப்போதைய அமெரிக்க அதிபர் டிரம்ப் ஊடகங்களைக் குறைகூறத் தொடங்கிய ட்வீட், ‘கோவ்ஃபெஃபே’ என்ற சொல்லோடு பாதியில் நின்றது. ‘கவரேஜ்’ என்று எழுத வந்து விரல் தவறியிருக்கும், அவ்வளவுதான். பல மணி நேரம் கழித்து அதை நீக்குவதற்குள் உலகச் செய்தியாகிவிட்டது. வெள்ளை மாளிகைச் செய்தியாளர் சந்திப்பிலும் கேள்வி வந்தது. அதிபருக்கும் ஒரு சிறு குழுவினருக்கும் பொருள் தெரியும் என்றார் செய்திச் செயலர் ஷான் ஸ்பைசர். ஈரைப் பேனாக்கியது ஊடகம், பேனைப் பெருமாளாக்கியது அந்தப் பதில்.

சரி, தமிழில்? ‘பரபரப்பு’ என்று எழுதுவது வழக்கம். பரபர என்ற இரட்டைக்கிளவியில் பிறந்த அச்சொல் மனநிலையைச் சொல்கிறதே தவிர, அதைக் கிளப்பிவிட்ட ஆளைக் காட்டுவதில்லை. ‘மிகைவிளம்பரம்’ விற்பனைப் பொருளுக்குச் சரி, ட்வீட்டுக்கு ஒட்டாது. ‘பில்டப்’ இன்னொரு ஆங்கிலச் சொல். ‘சும்மா ஊதிப் பெரிசாக்காதே’ என்று பேச்சில் நாம் சொல்வதிலேயே விடை இருக்கிறது: ஊதிப்பெருக்கல். யாரோ ஊத வேண்டும், உள்ளே காற்றுதான் இருக்கும்.

‘கோவ்ஃபெஃபே ட்வீட்டை ஊடகங்கள் ஊதிப்பெருக்கின’ என்று எழுதலாம். ‘ஓவர் ஹைப்’புக்குத் தனிச்சொல் வேண்டாம், மிகை இதிலேயே அடக்கம்.