இரண்டு கிலோமீட்டருக்குள் ஒரு நிறுத்தம்: தாம்பரம் மின்சார ரயில் ஓடும் விதம்

சென்னை பீச்சிலிருந்து தாம்பரம் ஏறத்தாழ 29 கிலோமீட்டர். இரு முனைகளையும் சேர்த்தால் 18 நிலையங்கள். அதாவது சராசரியாக இரண்டு கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் வண்டி நின்றாக வேண்டும். பழவந்தாங்கலில் கிளம்பி வேகம் பிடிப்பதற்குள் மீனம்பாக்கம் வந்துவிடும். இப்படிப்பட்ட பாதையில் உச்ச வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எத்தனை நொடியில் வேகம் எடுக்கிறது, எத்தனை நொடியில் நிற்கிறது, எவ்வளவு நேரம் நிலையத்தில் நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நீராவி எஞ்சினுக்கு இந்த வேலை ஒத்துவரவில்லை. மொத்த வண்டியையும் இழுப்பது எஞ்சினின் சில சக்கரங்கள் மட்டுமே; அவை தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ளும் அளவுக்குத்தான் இழுவை கிடைக்கும். போதாததற்கு, கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்ட வேண்டும். 1920களில் தியாகராய நகர் உருவாகி, நகரம் தெற்கே நீளத் தொடங்கியிருந்தது. இந்தச் சூழலில் தென்னிந்திய ரயில்வே கம்பெனி மின்சாரத்துக்கு மாறியது. 1931 மே 11 அன்று பீச்–தாம்பரம் மின்சார ரயில் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கியது. பம்பாய்க்கு 1925லேயே மின்சார ரயில் வந்துவிட்டது என்றாலும் அது அகலப் பாதை. ஒரு மீட்டர் அகல மீட்டர் கேஜில் நாட்டின் முதல் மின்பாதை இதுதான்.

மின்சார ரயிலுக்குத் தனி எஞ்சின் கிடையாது. மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியிலேயே பிரித்துப் பொருத்தப்பட்டிருக்கும். இன்றைய வழக்கமான 12 பெட்டி வண்டியில் மூன்று பெட்டிக்கு ஒன்று வீதம் நான்கு மோட்டார் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் நான்கு மோட்டார்கள். வண்டியின் நீளம் முழுக்கப் பரவிய சக்கரங்கள் ஒரே நேரத்தில் உந்துவதால் சட்டென்று வேகம் வருகிறது. இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால், தாம்பரத்தில் மோட்டார்மேன் இறங்கி மறுமுனைக்கு நடந்துபோனால் போதும், வண்டி திரும்பத் தயார்.

அப்போது மேல்கம்பியில் ஓடியது 1,500 வோல்ட் நேர்மின்சாரம், அதாவது ஒரே திசையில் பாயும் டிசி மின்சாரம். அதில் இரண்டு தொல்லைகள். முதலாவது, நின்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு முழு மின்னழுத்தத்தையும் (வோல்ட்டையும்) கொடுத்தால் கட்டுக்கடங்காத மின்னோட்டம் பாய்ந்து சுருள் கருகிவிடும். அதனால் கிளம்பும்போது மின்தடைகளை நடுவில் வைத்து, படிப்படியாக விலக்குவார்கள். அந்த நேரத்தில் மின்சாரத்தில் ஒரு பங்கு வெறும் சூடாகவே வீணாகும். எப்போதாவது நிற்கும் வண்டி என்றால் பரவாயில்லை. இங்கே ஒரு நடைக்கு 17 தடவை கிளம்ப வேண்டும்.

இரண்டாவது தொல்லை கம்பியில். 3,000 கிலோவாட் தேவைப்படும் வண்டி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 1,500 வோல்ட்டில் அதற்கு 2,000 ஆம்பியர் வேண்டும். 25,000 வோல்ட்டில் 120 ஆம்பியர் போதும். கம்பியில் ஏற்படும் இழப்பு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், அதே கம்பியில் இழப்பு சுமார் 280 மடங்கு வேறுபடும். நேர்மின்சாரத்துக்குத் தடிமனான கம்பியும், சில கிலோமீட்டருக்கு ஒரு துணைமின்நிலையமும் தேவைப்படுவது இதனால்தான். 1960களில் மின்பாதை தாம்பரத்தைத் தாண்டி விழுப்புரம் வரை நீண்டபோது, திசை மாறி மாறிப் பாயும் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பழைய பீச்–தாம்பரம் பகுதியும் அப்படியே மாற்றப்பட்டது. மின்மாற்றி வண்டிக்குள்ளேயே வந்துவிட்டதால் கிளம்பும்போது அழுத்தத்தையே குறைத்துக் கொடுக்க முடிந்தது. தடைகளைச் சூடாக்கும் வேலை போனது.

மாறுமின்சாரத்தோடு ஒரு வேடிக்கையும் சேர்ந்து வந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே விளக்கும் மின்விசிறியும் திடீரென அணைந்து, சில நொடியில் திரும்ப வரும். பலர் பழுது என்றே நினைக்கிறார்கள். மின்வாரியத்தின் மின்சாரம் மும்முனை (த்ரீ பேஸ்); ரயிலுக்குத் தேவை ஒருமுனை (சிங்கிள் பேஸ்). எல்லாச் சுமையும் ஒரே பக்கம் விழாமலிருக்க, அடுத்தடுத்த துணைமின்நிலையங்களை வெவ்வேறு முனைகளில் இணைப்பார்கள். அந்த இரண்டு மின்சாரமும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஆகவே நடுவில் மின்சாரமே இல்லாத ஒரு சிறு துண்டுக் கம்பி இருக்கும். மோட்டார்மேன் முன்கூட்டியே மின்சாரத்தைத் துண்டித்து, வந்த வேகத்திலேயே அதைக் கடந்துவிடுவார். ரயிலுக்குள் இப்போது கரண்ட் போனால் பக்கத்து ஆளிடம் சொல்ல உங்களிடம் ஒரு சேதி இருக்கிறது.

அப்புறம் பாதையே மாறியது. ஓடும் ரயிலை நிறுத்தாமல் 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையைப் பக்கத்திலேயே போட்டு, ஒவ்வொரு தடமாக மாற்றி, 2004இல் மீட்டர் கேஜுக்கு விடை கொடுத்தார்கள். எழும்பூருக்கும் பீச்சுக்கும் இடையே இடம் கிடைப்பதுதான் பெரும்பாடு. அங்கே நான்காவது தடம் போடுவதற்காக, 2023 ஆகஸ்ட் முதல் 2024 அக்டோபர் வரை பறக்கும் ரயில் பீச் வரை வராமல் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றது.

சரி, இன்றைய வண்டிகளில் என்ன புதுசு? மோட்டார்தான். கரிமுனை தேயும் பழைய நேர்மின் மோட்டார் போய், மும்முனை மோட்டார் வந்திருக்கிறது. மேல்கம்பியின் மின்சாரத்தைக் குறைகடத்திச் சாதனங்கள் வேண்டிய அதிர்வெண்ணுக்கு மாற்றிக் கொடுக்கின்றன. அதிர்வெண் ஏற ஏற மோட்டாரும் வேகமெடுக்கும். பிரேக் போடும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கிக் கம்பிக்கே அனுப்புகிறது. பக்கத்தில் கிளம்பும் இன்னொரு ரயில் அதை எடுத்துக்கொள்ளும். இத்தனை தடவை நிற்கும் பாதையில் இந்த மிச்சம் சாதாரணமல்ல. ஒரு காலத்தில் பணத்தைக் கரைத்த நிறுத்தங்களே இப்போது கொஞ்சம் திருப்பித் தருகின்றன.

2025 ஏப்ரல் 19 முதல் சென்னை ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப் தயாரித்த 12 பெட்டி குளிர்சாதன (ஏசி) ரயிலும் பீச்–செங்கல்பட்டு இடையே ஓடுகிறது. சாதாரண ரயிலில் 5 ரூபாயில் தொடங்கும் டிக்கெட் இதில் 35 ரூபாயில் தொடங்குகிறது. கட்டணத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். எனக்கென்னவோ கதவுகள்தான் பெரிய விஷயமாகப் படுகிறது. திறந்த வாசலில் வண்டி நிற்பதற்குள் இறங்கி, நகரும்போது ஏறிப் பழகிய ஊர் இது. அதில் உயிர்கள் போயிருக்கின்றன; தானியங்கிக் கதவு அதைத் தடுக்கும். ஆனால் எல்லாக் கதவும் மூடிய பிறகே வண்டி நகரும். மாம்பலத்தில் மாலை ஆறு மணிக்கு ஒரு பை கதவில் மாட்டினால் மொத்த வண்டியும் காத்திருக்கும். நிலையத்துக்குப் பத்து நொடி கூடினாலே தாம்பரம் போய்ச் சேர ஏறக்குறைய மூன்று நிமிடம் அதிகமாகும். பின்னால் வரும் வண்டி சிவப்பு விளக்கில் நிற்கும். மோட்டாரில் மிச்சப்படுத்திய நொடிகளைக் கதவில் இழக்காமலிருக்க, மேடையில் ஏறுபவர்களும் இறங்குபவர்களும் முட்டிக்கொள்ளாதபடி ஒழுங்குபடுத்த வேண்டியிருக்கும். அதற்கு மின்பொறியாளர் உதவ முடியாது.