துத்தநாகம் குறைவா, குறைபாடா?

நிமோனியான்னு குழந்தைய அட்மிட் பண்ணிருப்பாங்க, பிளட் ரிப்போர்ட்ல ‘சீரம் ஜிங்க்’, அதாவது ரத்தத்துல இருக்க ஜிங்க் அளவு, அது பக்கத்துல கீழ பாக்குற மாதிரி ஒரு அம்புக்குறி இருக்கும், உடனே "ஜிங்க் கம்மியாம், அதான் நெஞ்சுச்சளி கட்டிருச்சு"ன்னு பாட்டியில இருந்து பக்கத்து பெட்காரங்க வரை சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. இந்த ‘கம்மி’தான் குழப்பமே.

ஜிங்க் ஜெர்மன்ல இருந்து வந்த பேரு. நம்ம சொல் துத்தநாகம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) தெரியும்ல, அதே துத்தம்தான், சமஸ்கிருதத்துலயும் துத்த. நாகம்னாலே சித்த வைத்தியத்துல இந்த உலோகம். போர்த்துகீசு வியாபாரிங்க வழியா இந்தப் பேரு ‘டூட்டனேக்’னு இங்கிலீஷ் வரைக்கும் போயிருக்கு! பேதிக்கு ஓஆர்எஸ் கூட குடுக்குறாங்களே, ஸ்பூன் தண்ணில போட்டதும் பொலபொலன்னு கரையுற மாத்திரை, அது ஜிங்க் சல்பேட், அதாவது வெள்ளைத்துத்தம். அதுக்காக கடைத் துத்தத்த வாங்கிக் குடுத்துடாதீங்க, அது விஷமாயிடும்.

நிமோனியா கிரேக்கம், நியூமோன்னா நுரையீரல். தமிழ்ல நுரையீரல் அழற்சி. அழல்னா நெருப்பு, நுரை மாதிரி காத்து நிக்க வேண்டிய இடம் வெந்து நீர் கோத்துக்குது. இத நெஞ்சுச்சளின்னு சொல்றது எனக்கு சுத்தமா பிடிக்கல, சளின்னதும் கஷாயம் போதும்னு இருந்துடுறாங்க. சட்டைய தூக்கிட்டு ஒரு நிமிஷம் முழுசா மூச்ச எண்ணுங்க, 2 மாசத்துல இருந்து 1 வயசுக்குள்ளன்னா 50, 1 வயசுக்கு மேல 5 வயசு வரை 40, அதத் தொட்டாலே டாக்டர்கிட்ட ஓடணும்.

இப்ப ‘கம்மி’க்கு வருவோம். கிருமி தாக்குனா உடம்பே ரத்தத்துல இருக்க துத்தநாகத்த கல்லீரலுக்குள்ள இழுத்துக்கும், அதனால நல்லா சாப்பிடுற புள்ளைக்கும் ரிப்போர்ட்ல இறங்கித்தான் தெரியும். இது அளவுக் குறைவு. மாசக்கணக்குல சாப்பாட்டுல சேராம உடம்பே வறண்டு கிடக்குறதுதான் குறைபாடு. குறைபாடு இருக்க ஊர்கள்ல தொடர்ந்து துத்தநாகம் குடுத்தா நிமோனியா வர்றது ஓரளவு குறையுது. ஆனா வந்த பிறகு குடுத்தா? பங்களாதேஷ்ல தினம் 20 மில்லிகிராம் குடுத்ததுல சீக்கிரம் தேறுனாங்கன்னு 2004-ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதே அளவ வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரில 299 குழந்தைகள்ட்ட பாத்தப்ப மொத்தத்துல பலன் தெரியலன்னு 2006-ல இன்னொரு ஆய்வு வந்துச்சு.

அதனால காய்ச்சல் நேரத்து ரிப்போர்ட்டுக்கு ‘துத்தநாக அளவு குறைஞ்சிருக்கு’ன்னு மட்டும் எழுதுங்க. ‘குறைபாடு’ன்னு எழுதணும்னா காய்ச்சல் அடங்கி புள்ள தேறுனதும் திரும்ப டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு எழுதுங்க.